தோட்டத்து உணவு வந்த வழி

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறிச் செல்லும் பாதை அக்கரப்பத்தனையை நெருங்கும்போது, இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையே தென்படும். ஆக்ரா ஓயா பாயும் இப்பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. விடியுமுன் இங்குள்ள லயங்களின் அருகே நடந்து செல்பவருக்குப் புகையின் மணத்தோடு இன்னொரு மணமும் வந்து சேரும். கோதுமை மாவிலே தட்டிய ரொட்டி இரும்புக் கல்லின்மேல் வெந்து கருகும் மணம் அது. கொழுந்து பறிக்கப் போகும் பெண், பிரட்டுக்குச் செல்லுமுன் தன் வீட்டாருக்கும் தனக்கும் அன்றைய உணவை ஆயத்தம் செய்கிறாள்.

நேயர்களே, இந்த ரொட்டியைப் பற்றிச் சற்றுச் சிந்தித்துப் பார்த்தல் தகும். தோட்டத்து மக்களின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அப்பகுதிகளிலே கோதுமை விளைவதில்லை. அன்று அதனை உண்டாரும் அரியர். இந்த மலையிலும் கோதுமை விளைவதில்லை. அவ்வாறாயின், இரண்டு ஊருக்கும் உரியதல்லாத ஒரு தானியம் இம்மக்களின் அன்றாட உணவாய் ஆனது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை தேடினால், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு முழுவதையும் கடந்து வர வேண்டியிருக்கும்.

1824 ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னர் கண்டி மலைகளிலே கோப்பி பரவியது; கூலியாட்களும் தேவைப்பட்டனர். தென்னிந்தியாவின் வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு அந்நாளில் அரிசிச் சோறு திருநாளுக்குரிய உணவு. கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும், வரகும், சாமையுமே அவர்தம் அன்றாட உணவு. மழை பொய்த்தால் அவையும் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அதற்குச் சான்று. அத்தகைய மக்களிடம் கங்காணி சொன்ன சொற்களில் வலிமை மிக்கது சோறு என்னும் சொல்லேயாகும். அதை நம்பி அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆடவர். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். அவர்களது சமையல் வழிப்போக்கரின் சமையலாகவே இருந்தது. 1869 இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. சில ஆண்டுகளுக்குள் அத்தொழில் வீழ்ந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1885 இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. உயரமான மலைகளெல்லாம் தேயிலைக்கு உரியவாயின. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. அதனைப் பறிக்க ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பங்கள் வேண்டும். ஆகவே, மலையகத்தில் வீட்டுச் சமையல் என ஒன்று வேரூன்றியது தேயிலையோடுதான் எனலாம்.

அந்த வீடு எத்தகையது? நீண்ட லயத்திலே ஒரு காம்பரா. அதன் முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. பல குடும்பங்களுக்கு இஸ்தோப்பின் ஒரு மூலையே அடுக்களை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு விறகாயிற்று. அம்மியும் உரலும் ஊரிலிருந்த பழக்கத்தின்படியே இடம்பெற்றன. தோட்டம் அரிசி கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்திலே கழித்துக்கொண்டது. அவ்வரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. முன்னோர் திருநாளிலே மட்டும் கண்ட சோறு இங்கே நாள்தோறும் உலையில் வெந்தது உண்மை. ஆனால் அந்தச் சோற்றோடு கடனும் சேர்ந்தே வெந்தது.

மலையின் இயற்கையும் சமையலை மாற்றியது. இவ்வுயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. தேங்காயைக் கீழ்நாட்டிலிருந்து வாங்கவேண்டும். தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் பருப்பும் மொச்சையும் வேக நேரமும் விறகும் கூடுதலாக வேண்டும். குளிரிலே தோசை மா எளிதில் புளிப்பதில்லை. அடுப்பின் ஓரத்தில் வைத்துக் காக்கவேண்டும். தோசையும் இட்டிலியும் தீபாவளிக் காலைக்குரிய சிறப்பு உணவாய் நின்றமைக்கு அரிசி உளுந்தின் விலையோடு இக்குளிரும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

நிலம் தேயிலைக்கு உரியதாயினும், தேயிலைச் செடிகளின் இடையிலும் ஓடைக் கரையிலும் தாமே முளைக்கும் கீரைகளைப் பெண்கள் விடவில்லை. பொன்னாங்கண்ணி, வல்லாரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி ஆகியவை கொழுந்தோடு கொழுந்தாய் மடியில் வந்து சேர்ந்தன. கடல் காணாத மலைக்குக் கருவாடும் நெத்தலியும் கடைவழியே ஏறி வந்தன. குழம்பு, இரசம், துவையல் ஆகியன தாய்நாட்டிலிருந்து வந்த வரிசை. தேங்காய்ச் சம்பல், மாசி இடித்த கட்டைச் சம்பல், தேங்காய்ப்பால் விட்ட கறி ஆகியன இலங்கை மண்ணிற் கற்றுக்கொண்ட வரிசை. சிங்கள அயலவரின் கைப்பக்குவமும் தமிழகத்துக் கைப்பக்குவமும் ஒரே அம்மியில் அரைபட்டன.

இனி ரொட்டிக்கு வருவோம். 1942 ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னும் மா நிலைத்துவிட்டது. அது அரிசியைவிட எளிதிற் கிடைத்தது. அதற்கு உலையும் வேண்டாம், நெடுநேர விறகும் வேண்டாம். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு இது பெரிய வசதி. சோற்றைச் சுமந்து மலையேற முடியாது. ரொட்டியைத் துணியில் முடிந்து எடுத்துச் செல்லலாம்.

செய்முறை எளிது. மாவிலே உப்பும் நீரும் சேர்த்துப் பிசைவார்கள். கைக்கு எட்டினால் தேங்காய்ப்பூவும், வெங்காயமும், பச்சை மிளகாயும் சேரும். உருண்டையைக் கையால் தட்டிக் கனமாகவே கல்லில் இடுவார்கள். மெல்லிய ரொட்டி நாவுக்கு இதம். கனத்த ரொட்டியோ மதியம்வரை மலைச் சரிவில் நிற்பவரின் வயிற்றுக்குத் துணை. உடன் உண்ணச் சம்பல், குடிக்கச் சாயத்தண்ணீர். உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறும் தேயிலையைப் பறிக்கும் கைகளுக்கு, அதன் தூளிலே வடித்த சாயமே பங்காய்க் கிடைத்தது.

இத்தகைய அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. 1948 ஆம் ஆண்டில் பலஸ்தீன மக்கள் ஏழு இலட்சம் பேருக்கு மேல் தம் ஊர்களை இழந்து அகதிகளாயினர். 1950 இல் ஐக்கிய நாடுகளின் நிவாரண நிறுவனம் அவர்களுக்கென வேலை தொடங்கியது. அது வழங்கிய பங்கீட்டில் கோதுமை மா முதன்மையானது. தம் வயலில் விளைந்த கோதுமையைத் தாபூன் என்னும் மண் அடுப்பிலே சுட்டவர்கள், முகாமிலே பங்கீட்டு மாவைப் பிசைந்தனர். ஆயினும் ஒலிவ எண்ணெயும், சாத்தர் என்னும் உலர்ந்த மலைப் பூண்டும், சுமாக்கின் புளிப்பும் கிடைத்தபோதெல்லாம் அந்த ரொட்டி அவர்தம் ஊர் ரொட்டியாகவே ஆயிற்று. அவர்கள் யுத்தத்தால் துரத்தப்பட்டவர்கள். நம்மவர் பசியால் துரத்தப்பட்டவர்கள். வேறுபாடு பெரிது. ஆயினும் பிறர் அளந்து கொடுத்த மாவைத் தம்முடையதாக்கிக்கொண்ட பெண்களின் கைத்திறன் இரண்டிடத்தும் ஒன்றே.

அதே 1948 ஆம் ஆண்டிலேயே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய பலர் நீலகிரி மலைகளிலே குடியேறினர். அங்கும் தேயிலையையே பறித்தனர். பாட்டன் கொண்டு வந்த குழம்பின் பக்குவம் தமிழகத்துக்குத் திரும்பிச் சென்றபோது, தேங்காய் ரொட்டியும் சம்பலும் அதனுடன் சேர்ந்து சென்றன.

இங்கே எஞ்சியோரின் நிலை என்ன? பிறர் அளந்து கொடுக்கும் மாவை நம்பி வாழ்வதன் ஆபத்து 1973, 1974 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. நாட்டில் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தது. கிராமத்து ஏழைக்குக் கொல்லையில் ஒரு மரவள்ளிக் கிழங்காவது இருந்தது. தோட்டத்து ஏழைக்குக் கொல்லையே இல்லை. 1974 இல் தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை சில மடங்காக ஏறியபோது, அதே அச்சம் மீண்டும் லயங்களின் வாசலில் வந்து நின்றது.

ஆதலால் இந்த ரொட்டியைப் புகழ்ந்து பேசி விடைபெறுதல் நேர்மையாகாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அத்தொகை நூற்றுக்கு 32 ஐ நெருங்கியது. வயிற்றை நிரப்பும் உணவு வேறு. உடலை வளர்க்கும் உணவு வேறு. முன்னோர் விட்டு வந்த கேழ்வரகையும், இங்குள்ள மொச்சையையும் கீரையையும் மீண்டும் தட்டிலே சேர்ப்பது பழமையைப் போற்றுவதற்காக மட்டுமன்று. பிள்ளைகளின் எலும்புக்காகவும் ஆகும். அதற்குக் கூலியும் வேண்டும். வீட்டைச் சுற்றிச் சிறிது நிலமும் வேண்டும்.

ரொட்டியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. யுத்தமும் பங்கீடும் அதனைத் தந்தன. அதற்கு வாய்த்த ருசியை மட்டும் நம் பாட்டிமார் தேர்ந்தெடுத்தனர். எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத அப்பெண்களின் அறிவு, இன்று முதியோர் சிலரது கைகளிலேதான் இருக்கிறது. பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்குச் செல்கிறார்கள். அவர்கள் அடுத்த பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது, அடுப்பருகே அமர்ந்து, எந்தக் கீரை எந்தச் சரிவில் முளைக்கும், பஞ்ச காலத்தில் வீட்டில் என்ன வெந்தது என்று கேட்டு எழுதி வைப்பார்களாயின், அது நம் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகும்.