சக்கிமுக்கித் துப்பாக்கியும் சென்னைச் சிப்பாயும்

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது எவ்வளவு தூரம் சுடும், எத்தனை குறி தவறாமல் சுடும் என்பவற்றையே விஸ்தாரமாகப் பேசுவது வழக்கம். ஆனால் அதைக் கையில் ஏந்திப் போர்க்களத்தில் நின்றவனோ, விசையை இழுத்த அந்தக் கணத்தில் அது வெடிக்குமா வெடிக்காதா என்னும் ஒன்றையே முதற் கவலையாகக் கொண்டிருந்தான். வெடிக்க வேண்டிய வேளையில் வெடிப்பதும், வெடிக்கக் கூடாத வேளையில் அடங்கியிருப்பதுமாகிய இவ்விரு குணங்களையும் ஒரே கருவியில் அமைப்பதற்காக ஐரோப்பியக் கம்மியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்கள். அந்த முயற்சியின் பிற்பகுதியில், சென்னை ராஜதானியிலிருந்து கடல் கடந்து சென்ற சில சிப்பாய்களுக்குச் சீன தேசத்து வயல்வெளி ஒன்றில் நேர்ந்ததை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆதியில் வழங்கியது திரித் துப்பாக்கி. வெடியுப்பு நீரில் ஊறவைத்து உலர்த்திய கயிற்றுத் திரி ஒன்று, நுனியில் கனன்றபடியே வீரனுடைய கையில் இருக்கும். இடுப்பிலோ மருந்துக் குடுவை தொங்கும். நெருப்பும் மருந்தும் ஒரே உடம்பில் இப்படி அருகருகே குடியிருந்ததால் விளைந்த விபத்துகள் கொஞ்சமல்ல. இருட்டில் திரியின் கனல் ஒளிந்திருப்பவனைக் காட்டிக் கொடுத்தது. மழையிலோ அந்தத் திரியே அவிந்து போயிற்று.

இக்குறைகளை நீக்க வந்ததுதான் சக்கிமுக்கித் துப்பாக்கி. 1610-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு தேசத்துக் கம்மியர் மரேன் லெ பூர்ஷ்வா என்பவர் அதன் அமைப்பை முழுமையாக்கினார் என்பது சரித்திரக்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட செய்தி. அதன் யந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். குதிரை எனப்படும் வளைந்த இரும்பின் வாயில், தோல் துண்டு சுற்றிய சக்கிமுக்கிக் கல் ஒன்று திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தகடு பின்னுக்குச் சாய, அதன் கீழே இருந்த சிறு கிண்ணம் திறந்துகொள்ளும். கிண்ணத்திலுள்ள மருந்தில் பொறி விழுந்து, அது பற்றி, குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியாக நெருப்பு உள்ளே புகுந்து, பிரதான மருந்தை மூட்டிய பிறகே குண்டு புறப்படும். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் விசைக்கு அசையாதபடி ஆழமான பள்ளம் ஒன்றும் அதில் வெட்டப்பட்டிருந்தது. நடந்து செல்லும் வீரனுக்கு அந்தப் பள்ளமே காவல். அது தேய்ந்த துப்பாக்கி, சொந்தக்காரனுக்கே சத்துரு.

இத்தனை காரியங்களும் ஒழுங்காக நடந்தால்தான் ஒரு வேட்டு. கல்லின் விளிம்பு மழுங்கினால் பொறி எழாது. ஊசித்துளையில் புகைக்கரி அடைத்தால் கிண்ணத்தில் மட்டும் நெருப்பு எரிந்து ஓய்ந்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு சிப்பாயும் ஒரு கம்பியும் சிறு தூரிகையும் கூடவே வைத்திருந்தான். எல்லாவற்றிற்கும் மேலான பகை மழை. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்து ஈரத்தைக் கண்டால் பயனற்றுப் போகும். 1757-இல் பிளாசிக் களத்தில் பெய்த மழையில், ஆங்கிலேயர் தங்கள் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்ததும், நவாபின் பீரங்கி மருந்து நனைந்து கெட்டதும் நாம் பாடப் புத்தகத்திலேயே படித்தவை.

இந்தக் குறைக்குப் பரிகாரம் கண்டவர் படைத்தலைவரும் அல்லர், ஆயுதக் கம்மியரும் அல்லர். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்கு வடக்கேயுள்ள பெல்ஹெல்வி என்ற கிராமத்துக் கிறிஸ்தவக் குருவான அலெக்சாண்டர் ஜான் ஃபார்சைத் என்பவர். வேட்டையில் பிரியமுள்ள அவர், நீர்ப்பறவைகள் கிண்ணத்து ஒளியைக் கண்ட மாத்திரத்தில், குண்டு வந்து சேருமுன்னே விலகிவிடுவதைக் கவனித்தார். பாதரசத்திலிருந்து செய்யப்படும், அடித்தால் வெடிக்கும் உப்பு ஒன்றை எட்வர்டு ஹோவர்டு என்னும் ரசாயன அறிஞர் 1800-இல் வெளியிட்டிருந்தார். இவ்வகைப் பொருள்களைக் குழலுக்குள் பிரதான மருந்தாக இடுவது ஆபத்து என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஃபார்சைத்தின் நுட்பம், அவற்றைத் துளியளவு எடுத்து, சுத்தியலால் அடித்து, கருமருந்தை மூட்டும் பொறியாக மட்டும் உபயோகித்ததில் இருந்தது. தீபாவளியன்று சிறுவர்கள் சிறு துப்பாக்கியில் வைத்து அடிக்கும் கேப்பின் தத்துவமே இது.

1806-இல் லண்டனுக்கு வந்த அவருக்கு, அப்போது ஆயுத இலாகாவின் தலைவராக இருந்த மொய்ரா பிரபு, லண்டன் கோட்டையிலேயே பட்டறை ஒன்று ஒழித்துக் கொடுத்தார். மறு வருஷம் அப்பதவிக்கு வந்த சாத்தம் பிரபுவோ அவரை வெளியேறச் சொல்லிவிட்டார். ஒரு பதவி கைமாறியதால் ஒரு கண்டுபிடிப்பு முப்பதாண்டுகள் படையின் வாசலில் காத்துக் கிடக்க நேர்ந்த கதையை எண்ணும்போது, இன்றும் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. ஃபார்சைத் 1807-இல் காப்புரிமை பெற்று, லண்டன் பிக்கடில்லி வீதியில் கடை வைத்தார். வேட்டைக்காரச் சீமான்கள் அவரை நாடி வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள், அடித்தால் வெடிக்கும் அந்தப் பொருளைக் கேப்பு எனப்படும் சிறு செப்புத் தொப்பியில் அடைத்துக் குழலின் முளையில் கவிழ்க்கும் முறையும் தோன்றி எங்கும் பரவியது.

அந்த நாளில் வேட்டைப் பிரியர்களிடையே நடந்த வாதம் சுவாரசியமானது, அதைப் பழமைவாதிகளின் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் கூடாது. கேப்புத் துப்பாக்கி மழைக்கு அஞ்சாது, தாமதமின்றி வெடிக்கும் என்றார்கள் ஒரு சாரார். சக்கிமுக்கித் துப்பாக்கி அதைவிட வலுவாக ரவையை வீசும், தோளை அவ்வளவாக உதைக்காது என்றார்கள் மற்றொரு சாரார். வேட்டைக் கலையில் பெயர் பெற்ற கர்னல் பீட்டர் ஹாக்கர் கூடப் பழைய துப்பாக்கியின் வலுவை விட்டுக் கொடுக்கவில்லை. கிண்ணத்தைத் திறந்து மருந்தைக் கொட்டிவிட்டால் பழைய துப்பாக்கி பெரும்பாலும் சாது. புதியதிலோ கேப்பின்மேல் குதிரை படிந்திருக்கையில் தற்செயலாக ஓர் அடி பட்டாலும் வெடிக்கும். உடைந்த செப்புத் துணுக்கு கண்ணில் தெறிக்கும். கல் பல நாடுகளிலும் கிடைக்கும், கேப்போ தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும், குளிரில் விறைத்த விரல்களால் அதைப் பிடித்து வைப்பதும் கஷ்டம். இவை யாவும் நியாயமான ஆட்சேபங்களே.

ஆனால் வாதத்தைத் தீர்க்கப் பரீக்ஷை ஒன்று இருக்கிறதல்லவா? 1834-இல் உல்விச் நகரில் அதைச் செய்தார்கள். இருவகையிலும் ஆறாறு துப்பாக்கிகளை எடுத்து, வகைக்கு 6,000 வேட்டுகள் சுட்டுப் பார்த்தபோது, சக்கிமுக்கி 922 தடவை ஏமாற்றியது. கேப்பு 36 தடவை மட்டுமே தவறியது. ஏறக்குறைய ஆறரை வேட்டுக்கு ஒன்று பொய்க்கும் ஆயுதத்தை அத்தனை காலம் மனிதர்கள் கையில் கொடுத்து எதிரியின் முன் நிறுத்தியிருந்தார்கள் என்பதே அந்தக் கணக்கின் பொருள். அதன் பிறகும் ஆங்கிலப் படைக்குக் கேப்புத் துப்பாக்கி வரத் தொடங்கியது 1830-களின் கடைசியில்தான்; கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்க்கு அதுவும் எட்டவில்லை.

இந்த நிலையில்தான் சீனத்தோடு அபினி யுத்தம் மூண்டது. அதைத் தர்ம யுத்தம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். அபினி வியாபாரத்தின் லாபத்துக்காக ஒரு தேசத்தின்மேல் சுமத்தப்பட்ட யுத்தம் அது. சென்னைப் படையின் 37-ஆம் காலாட்படையினர் அதற்கு அனுப்பப்பட்டார்கள். 1841 மே மாதக் கடைசியில், ஜெனரல் ஹியூ காஃப் கான்டன் நகரத்து வடபுறக் குன்றுகளைப் பிடித்து, நகரத்தாரிடம் 60 லட்சம் டாலர் மீட்புப் பணம் பேசி முடித்திருந்தார். மே 30-ஆம் தேதி, சான்யுவான்லி என்ற ஊரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்த மக்கள் ஈட்டியும் வாளும் ஏந்தி ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள். அவர்களை விரட்டச் சென்ற படை திரும்பும் வேளையில் இடியும் மின்னலுமாகப் பெருமழை பிடித்துக்கொண்டது. நெல் வயல்களுக்கும் வரப்புகளுக்கும் வேற்றுமை தெரியாத வெள்ளத்தில், 37-ஆம் படையின் ஒரு கம்பெனி, சுமார் அறுபது பேர், மற்றவர்களிடமிருந்து பிரிந்து தனிப்பட்டுப் போனார்கள்.

ஒரு துப்பாக்கியும் சுடவில்லை. நீண்ட கழிகளில் கொக்கி மாட்டி வந்த கிராமத்தார் வரிசையிலிருந்து சிப்பாய்களை இழுக்கப் பார்த்தார்கள். துப்பாக்கி முனையில் செருகிய பயனெட்டு ஒன்றே சிப்பாய்களுக்குத் துணை. விழுந்த சிப்பாய் ஒருவனுடைய துப்பாக்கியைச் சீனர் ஒருவர் எடுத்து, கிண்ணத்தில் புது மருந்திட்டு, தம் கையிலிருந்த திரியாலேயே அதை மூட்டிச் சுட, பெர்க்லி என்னும் இளம் அதிகாரியின் கை துளைபட்டது என்று அக்காலத்துப் போர்க்குறிப்பு கூறுகிறது. மழை சற்று ஓய்ந்த இடைவெளியில், உடம்பில் நனையாமல் மிஞ்சியிருந்தது தலைப்பாகையின் உட்துணி ஒன்றே என்பதால், சிப்பாய்கள் அதைக் கிழித்துக் குழல்களைத் துடைத்து, சில வேட்டுகளேனும் சுட முயன்றார்கள் என்றும் அதே குறிப்புகளில் காண்கிறோம். நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாக நின்று, அணி குலையாமல் அவர்கள் தாக்குப் பிடித்தார்கள். தேடி வந்த இரண்டு கம்பெனி மரீன் வீரர்களின் கைகளில் கேப்புத் துப்பாக்கிகள் இருந்தன. அதே ஈரத்தில் அவை வெடித்தன. கூட்டம் விலகியது, இரவில் அவர்கள் முகாம் சேர்ந்தார்கள்.

சீன மக்கள் சான்யுவான்லியைத் தங்கள் முன்னோரின் வீரத்துக்குச் சாட்சியாக இன்றும் போற்றுகிறார்கள். தம் மண்ணைக் காக்க எழுந்தவர்களுக்கு அந்தப் புகழ் உரியதே. துப்பாக்கியின் சரித்திரத்தை எழுதுகிறவர்களோ கேப்பு முறையின் மேன்மைக்கு உதாரணமாக அந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவார்கள். இவ்விரண்டிற்கும் இடையில், யாருடைய லாபத்துக்காகவோ வந்து, நனைந்த மருந்தோடு நின்ற நம் சிப்பாயை நினைப்பார் அதிகம் இல்லை. உல்விச் கணக்கு வெளியாகி ஏழு ஆண்டுகளும், ஃபார்சைத் காப்புரிமை பெற்று முப்பத்துநான்கு ஆண்டுகளும் கழிந்த பின்னர் அவனைப் பழைய கல்லோடு அனுப்பியவர்களை நான் குற்றவாளிகள் என்றே கருதுகிறேன். ஆயுதத்தின் குறைக்கு அவன் காரணமல்லன். அந்தக் குறையைத் தன் உடம்பால் ஈடு செய்தவன் அவன்.

ஃபார்சைத்துக்குச் சர்க்கார் 1842-இல் 200 பவுன் சன்மானம் அளித்தது. மறு வருஷம் அவர் காலமானார். 37-ஆம் படைக்குக் கிரனேடியர் என்னும் கௌரவப் பெயர் கிடைத்தது. அன்று வயலில் நின்ற ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் அக்காலத்து நூல்களில் இடம் பெற்றிருக்கின்றன. சிப்பாய்களின் பெயர்களை அவற்றில் நான் காணவில்லை. சென்னை சர்க்காரின் பழைய ராணுவப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சரித்திரம் பயிலும் நம் இளைஞர்களில் யாரேனும் ஒருவர் அங்கே அமர்ந்து, அந்த அறுபது பேரின் பெயர்களையும் ஊர்களையும் தேடி எடுத்துத் தமிழில் எழுதித் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.