பற்காறையும் நீரிழிவும்

பல் துலக்குவதை வணக்கத்தோடு இணைத்துக் கொண்ட சமுதாயம் நம்முடையது. மிஸ்வாக் செய்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய வழக்கமாகும். அவ்வழக்கத்தில் வளர்ந்த மருத்துவர்கள் வாயின் நலனை நுணுகி ஆராய்ந்ததில் வியப்பில்லை.

அவர்களுள் தலையாயவர் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காசிம் அல் ஸஹ்ராவீ (கி.பி. 936–1013). 30 பாகங்கள் கொண்ட அவரது ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் நூலின் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. பற்களின் மேலும் ஈறுகளின் இடையிலும் படியும் காறை ஈறுகளைக் கெடுக்கிறது என்று அதில் அவர் விளக்கினார்; அதனைச் சுரண்டி எடுக்கும் கருவிகளையும் வரைந்து காட்டினார். ஒருமுறையில் நீங்காவிடில் அடுத்தடுத்த நாட்களிலும் சுரண்டவேண்டும் என்றார். 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு அப்பாகத்தை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் அதனைப் பயின்றனர்.

நீரிழிவையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல் கானூன்’ நூலில் அதனை விவரித்தார். பக்தாதைச் சேர்ந்த அப்துல் லதீஃப் (1162–1231) அந்நோய் குறித்துத் தனி ஏடே எழுதினார்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. இவ்விரு நோய்களும் அந்நூல்களில் தனித்தனியே நின்றன. அவற்றை இணைக்கும் பாலம் உடலின் எதிர்ப்பாற்றல் ஆகும். அதன் இயக்கம் அன்று எவருக்கும் புலப்படவில்லை. கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கும் உயிரணுக்களை 1882இல் ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ் ஆராயத் தொடங்கிய பின்னரே அவ்வழி திறந்தது. 1993இல் ஹரால்ட் லோ என்னும் அறிஞர், ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று குறித்தார்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அக்காவல் அணுக்கள் தளர்கின்றன. ஈறுகளில் கிருமிகள் பெருகி அழற்சி முற்றுகிறது. அவ்வழற்சியில் சுரக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, இன்சுலின் தன் பணியைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. அதனால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. காறையை அகற்றி ஈற்றுக்குச் சிகிச்சை செய்தால், நீரிழிவாளரின் மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது என்பதைப் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2022ஆம் ஆண்டின் மதிப்பீடு காட்டியது.

எல்லாவற்றையும் முன்னோரே கண்டறிந்து விட்டனர் என்று பெருமை பேசுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அன்று. ஸஹ்ராவீ கண்ணால் கண்டதை எழுதினார், காணாததை எழுதவில்லை. மிஸ்வாக் செய்யும் நீரிழிவாளரும், ஈற்றில் இரத்தம் கசியக் கண்டால் சிறிது என்று விட்டுவிடாமல் மருத்துவரை நாடுவதே அப்பெரியாரின் வழியில் நிற்பதாகும்.