போய்ப் பார்ப்பது யார்?

மனநோய்க் காப்பகங்களுக்கென்று 1912இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் இந்திய லுனாசி சட்டம். இன்று அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்போம். ஆனால் அதற்குள் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் குறைந்தது மூன்று 'பார்வையாளர்களை' அரசு நியமிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மருத்துவராக இருக்க வேண்டும். இருவருக்குக் குறையாமல் மாதம் ஒரு முறையாவது சேர்ந்து போய், கட்டடத்தின் எல்லாப் பகுதிகளையும் பார்க்க வேண்டும். முடிந்த வரை ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்க்க வேண்டும். கண்டதை அதற்கென்று வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வர வேண்டும்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர். ஆய்வாளர் எந்த நாளும் வரலாம். அவர் எழுதிய குறையைச் சரிசெய்து பதில் அனுப்பும் வரை அந்தக் கோப்பை மூட முடியாது. பணத்துக்கே இவ்வளவு காவல் என்றால், தன் குறையைத் தானே எடுத்துச் சொல்ல முடியாத நிலையில் உள்ள மனிதருக்கு எவ்வளவு வேண்டும்? நம் மாநிலத்தில் அந்தக் காவல் எப்படி இருந்து வந்திருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

புரசைவாக்கத்தில் ஒரு வீடு

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் காப்பகம் 1794இல் புரசைவாக்கத்தில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கொனொலி என்பவர் அதை நடத்தினார். கம்பெனி பணம் கொடுத்தது, தனியார் ஒருவர் இடத்தையும் பராமரிப்பையும் பார்த்துக்கொண்டார். இன்றைய பேச்சில் சொன்னால் ஒப்பந்த முறை. பிறகு அது கைமாறி டால்டன் என்ற மருத்துவரிடம் வந்தது. ஊரில் அவர் பெயராலேயே அந்த இடத்தை அழைத்தார்கள்.

1857 கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு, 1858இல், மனநோயாளிகள் குறித்துச் சட்டங்கள் வந்தன. காப்பகங்கள் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வரத் தொடங்கின. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக்ஸ் கார்டன் என்ற தோட்டத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் அது அரசு மனநல மருத்துவமனை ஆயிற்று. இப்போது அரசு மனநலக் காப்பகம் என்று நாம் சொல்வது அதைத்தான். டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் பல ஆண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பையும் தொடங்கினார்.

கீழ்ப்பாக்கத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. பல காலம் நெரிசல், பல காலம் ஆள் பற்றாக்குறை. ஆனால் அது அரசு நிறுவனம். சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம், பத்திரிகையில் எழுதலாம். கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் இல்லாத இடங்களில்தான் பெரிய துயரம் நடந்தது.

ஏர்வாடி, 2001

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநோய் தீர வேண்டும் என்ற நம்பிக்கையோடு வெகுகாலமாக மக்கள் வருகிறார்கள். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். குணமாக நாளாகும் என்பதால், நோயாளியை அங்கே தங்கவைத்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் பல. அப்படித் தங்கவைப்பதற்காகவே தர்காவைச் சுற்றித் தனியார் இல்லங்கள் முளைத்தன. மாதாமாதம் பணம் வந்தது. ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி போட்டார்கள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட இல்லம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே இறந்தார்கள். பிறகு எண்ணிக்கை 28 ஆனது. ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த இல்லங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். இல்லத்தை நடத்தியவர்களுக்கு 2007இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏர்வாடி நடந்தபோது சட்டம் இல்லாமல் இல்லை. 1912 சட்டத்துக்குப் பதிலாக 1987இல் மனநலச் சட்டம் நிறைவேறி, 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாமல் தனியார் மனநல இல்லம் நடத்தக் கூடாது என்று அது சொன்னது. பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைந்தது ஐந்தாக உயர்த்தி, இருவர் சமூகப் பணியாளராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மாதாந்தர ஆய்வும் தொடர்ந்தது. கிராமத்தில் கட்டடம் கட்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்று 1997 விதிகள் இருந்தன. வருவாய்த் துறை இருந்தது, காவல் நிலையம் இருந்தது, சுகாதாரத் துறை இருந்தது.

ஆனால் அந்த இல்லங்கள் உரிமம் கேட்டு வரவில்லை. உரிமம் இல்லாத இடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவேட்டில் இல்லாத இடத்துக்குப் பார்வையாளர் போக மாட்டார். ஊராட்சி அது சுகாதாரத் துறை வேலை என்று நினைக்கலாம். சுகாதாரத் துறை அது தர்கா சம்பந்தப்பட்டது என்று நினைக்கலாம். தெருவில் போகிறவர் எல்லாருக்கும் சங்கிலி தெரிந்திருந்தது. எழுதிவைக்கும் கடமை மட்டும் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே முன்வந்து விசாரித்தது. 2002 பிப்ரவரியில் பிறப்பித்த உத்தரவில், எந்தப் பெயரில் இயங்கினாலும் சரி, மனநல சிகிச்சை தருவதாகச் சொல்லும் எல்லா இடங்களையும் மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுக்கச் சொன்னது. தரம் இருந்தால் உரிமம், இல்லாவிட்டால் மூட வேண்டும். மூடப்படும் இடம் உண்மையிலேயே இயங்காமல் நிற்கிறதா, நோயாளிகள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று பார்க்கும் பொறுப்பு அந்தப் பகுதி காவல் நிலைய அதிகாரிக்கு. அறிக்கை தர வேண்டியவர் தலைமைச் செயலாளர். மேலிருந்து கீழ்வரை யார் பொறுப்பு என்று பெயர் குறித்து எழுதியதுதான் அந்த உத்தரவின் சிறப்பு என்று எனக்குப் படுகிறது.

ஆனால் ஓலைக்கூரை பாடம் அத்தனை சீக்கிரம் மனதில் பதியவில்லை. ஏர்வாடிக்கு மூன்று ஆண்டு கழித்து, 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அது வேறு துறை, வேறு சட்டம். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: போய்ப் பார்த்தது யார்?

குடிமீட்பு எந்தக் கணக்கில்?

மனநோய்க்கு ஒரு சட்டமாவது இருந்தது. குடி, போதைப் பழக்கத்துக்கு அதுவும் தெளிவாக இல்லை. சென்னையில் 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை சாந்தி ரங்கநாதன் தொடங்கியபோது, குடிப்பழக்கத்தை நோயாகப் பார்த்து சிகிச்சை தருவதே நம் ஊரில் புதிது. பின்னாளில் மத்திய சமூக நீதித் துறை தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுத்து மீட்பு மையங்களை நடத்தவைத்தது. மருத்துவமனை என்றால் சுகாதாரத் துறை, மீட்பு மையம் என்றால் சமூக நீதித் துறை. இந்த இரண்டுக்கும் நடுவில், யாரிடமும் நிதி வாங்காமல், யாரிடமும் பதிவு செய்யாமல், வீட்டை வாடகைக்கு எடுத்து மையம் நடத்தியவர்களும் உண்டு. குடும்பம் பணம் கட்டிவிட்டு வந்துவிடும். உள்ளே அடியா, உணவா என்று வெளியே தெரியாது. அங்கேயும் யாராவது இறந்தால்தான் செய்தி.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். எந்தக் கடையில் எத்தனை பாட்டில் விற்றது என்பதற்குக் கணக்கு உண்டு. குடியிலிருந்து மீள உள்ளே போனவர் எத்தனை பேர், எப்படி வெளியே வந்தார்கள் என்பதற்கும் அதே கறாரான கணக்கு இருக்க வேண்டாமா?

2017 சட்டம் என்ன சொல்கிறது

2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் வந்தது. அதனால் அந்தச் சிகிச்சைக்கு ஆளைத் தங்கவைக்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய மற்ற சிலவற்றையும் சொல்கிறேன்.

சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது.

பதிவு செய்த இடங்களை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கை செய்ய வேண்டும். புகார் வந்தால் இடையிலும் ஆய்வு செய்யலாம்.

தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரைக் குடும்பத்தார் சேர்த்தால், முதலில் 30 நாள்தான். அந்தச் சேர்க்கையை மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள்.

அந்த வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைவர். கலெக்டரின் பிரதிநிதி, மருத்துவர்கள், நோயிலிருந்து மீண்டவர் அல்லது பராமரிப்பவர் ஆகியோரும் உறுப்பினர். வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இல்லத்துக்குள் எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டிவைக்க வேண்டும்.

பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை.

பழைய பார்வையாளர் குறிப்பேட்டின் இடத்தில் வாரியமும் தணிக்கையும் வந்திருக்கின்றன. அதிகாரம் கூடியிருக்கிறது. ஆனால் மாதம் ஒரு முறை என்பது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆகியிருக்கிறது. 1912ஆம் ஆண்டு வெள்ளைக்காரச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இடைப்பட்ட நாட்களை யார் நிரப்புவது? அருகில் இருப்பவர்கள்தான்.

அருகில் இருக்கும் அரசு என்றால் உள்ளாட்சி. 1992இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது பொது சுகாதாரத்தையும் மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்தோர் நலனையும் உள்ளாட்சிக்குரிய பட்டியல்களில் சேர்த்தார்கள். இல்லத்துக்கு உரிமம் தரும் அதிகாரம் மாநகராட்சிக்கு இல்லை என்றாலும், கட்டட அனுமதி, கழிவுநீர், குப்பை, கொசு என்று அதன் ஊழியர்கள் வாராவாரம் தெருவுக்கு வருகிறார்கள். எந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்கும் நமக்கும்தான்.

நம் பக்கத்துத் தெரு விஷயம்

பின்தெருவில் குடிமீட்பு மையம் ஒன்று வரப்போகிறது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகப் பேச்சு நடக்கிறது. அது வரவே கூடாது என்று மனு கொடுக்கலாம் எனச் சிலர் கையெழுத்துக் கேட்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடம், வயதானவர்கள் நடக்கும் பாதை என்ற கவலை நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மனுவில் நான் கையெழுத்திடப் போவதில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் வேண்டாம் என்று ஒவ்வொரு தெருவும் சொன்னால், அந்த மையம் யார் கண்ணும் படாத இடத்துக்குப் போகும். கண்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத்தான் ஏர்வாடி. அங்கே போகப்போகிறவர் யாரோ அல்ல. 200 வீடுகள் உள்ள எந்தக் குடியிருப்பிலும் இந்தக் கஷ்டத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் வீடு ஒன்றிரண்டாவது இருக்கும்.

அதனால் வேறு மாதிரி ஒரு கடிதம் எழுதலாம் என்று செயற்குழுவுக்கு யோசனை சொல்கிறேன். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், இரவில் பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேட்கலாம். தீயணைப்புச் சான்று, இரண்டாவது வாசல், உள்ளிருந்து திறக்கும் கதவு இருக்கின்றனவா என்று கேட்கலாம். மறுஆய்வு வாரியத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி நம் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். நம் வார்டு கவுன்சிலரிடம் சொல்லி, பகுதி சபா கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கச் சொல்லலாம். மையத்தார் சம்மதித்தால், அங்குள்ளவர்களின் அந்தரங்கம் கெடாதபடி, நம்மில் இருவர் மாதம் ஒரு முறை போய் நலம் விசாரித்து வரலாம். நியாயமாக நடத்துபவர் இதற்கெல்லாம் சங்கடப்பட மாட்டார். பதில் சொல்ல மறுத்தாலோ பதிவு இல்லாவிட்டாலோ அப்போது மனு கொடுப்போம், முதல் கையெழுத்து என்னுடையது.

மன உளைச்சலுக்கோ போதைப் பழக்கத்துக்கோ உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் வரைவைத் தயார் செய்து அசோசியேஷன் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்த்துத் திருத்தம் இருந்தால் பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன் எழுதிக் கொடுங்கள். மாதம் ஒரு முறை போய்வர என்னோடு சேர்ந்துகொள்ள இன்னொருவர் வேண்டும். பெண்கள் யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது.