அடுப்பெரியாத இரண்டு நாட்கள்: கண்டி அரண்மனையும் துக்க ஒழுக்கமும்

1814 ஆம் ஆண்டு, பிரித்தானியர் பக்கம் சென்ற முதலாம் அதிகார் எகலப்பொலையின் பிள்ளைகள் கண்டியிலே தலை துண்டிக்கப்பட்டனர். அவர்தம் தாய் குமாரிஹாமி போகம்பறை வாவியில் அமிழ்த்தப்பட்டாள். அதன்பின் இரு நாட்கள் நகரில் எவ்வீட்டிலும் அடுப்பு மூட்டப்படவில்லை என்றும், அரசனது மாளிகை ஒன்றே அத்துக்கத்திற் சேரவில்லை என்றும் டாக்டர் ஜோன் டேவி 1821 இல் வெளியான தம் நூலிற் குறிப்பிட்டார். கொலையைப் பற்றிய குற்றச்சாட்டோடு அரண்மனையின் ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டும் இங்கு இணைவதை நாம் கவனித்தல் வேண்டும்.

டேவி நிகழ்ச்சியை நேரிற் கண்டவரல்லர். 1816 இலேயே இலங்கைக்கு வந்தவர். அவருக்குத் தகவல் அளித்தோருட் பிரதானிகளும் அடங்குவர். எனினும் அக்குறிப்பை வெறும் கட்டுக்கதை எனத் தள்ளுவது முறையன்று. 1810 முதல் 1812 வரை வாவி வெட்டும் பணியில் இராசகாரியத்தின் பேரால் வருத்தப்பட்ட குடிமக்களுக்கு ஆயுதமின்றி மறுப்புக் காட்டும் வழிகள் சிலவே இருந்தன. வாளேந்தியவனைத் துரோகி எனலாம். அடுப்பு மூட்டாதவளை எச்சட்டத்தின் கீழ் விசாரிப்பது? அரண்மனையோ அத்துக்கத்தை அனுட்டித்திருப்பின் தன் தீர்ப்பைத் தானே மறுத்ததாகியிருக்கும். சாவீட்டு வழக்கம் இவ்வாறு அரசியலாயிற்று.

மதுரையிலிருந்து மணப்பெண் கொண்ட நாயக்க அரச குடும்பத்தின் இல்லொழுக்கம் முன்பே கண்காணிப்புக்கு உள்ளாகியிருந்தது. 1760 இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிராகச் சதி செய்தோர் அவன் திருநீறு பூசுவதையும் ஒரு குற்றமாகக் காட்டினர். நிலத்தையும் பதவியையும் பற்றிய நிலமானியப் பூசல், அரசன் நெற்றியைப் பற்றிய பூசலாக வேடமிட்டது எனலாம்.

குமாரிஹாமியின் துயரம் சிங்கள மக்கள் இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. அவள்பால் நாம் கொள்ளும் இரக்கம் குறைய வேண்டியதில்லை. ஆனால் அதே 1814 இல் அங்கங்கள் அறுக்கப்பட்ட வணிகர் பதின்மரின் பெயர்களை இன்று யார் அறிவார்? ஆள்பதி பிரௌன்றிக்குக்குப் போர் தொடுக்க ஒரு காரணமாக உதவியதோடு அவர்கள் கதை முடிந்தது. துக்கத்திற்கும் வர்க்கம் உண்டு.

1815 பெப்ரவரி 18 இல் மெதமகாநுவரைப் பகுதியில் அரசனும் அரசியரும் பிடிபட்டபோது, பிடித்தோர் அரசியரின் நகைகளைப் பறித்து அவமதித்தனர். துக்கத்தில் ஒழுக்கம் தவறியதாக அரண்மனையைக் குற்றஞ்சாட்டிய பிரதானிகளின் தரப்பு இதுவே. மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கையின் முதலாம் உறுப்பு ‘மலபார்’ அரசனின் கொடுமையைக் கூறியது. மூன்றாம் உறுப்பு அவனது உறவினர் என உரிமை கோரும் ஆண்கள் யாவரையும் கண்டி மாகாணங்களின் பகைவர் என்றது. ஒரு மன்னனின் குற்றம் ஓர் இனத்தின் குற்றமாக மாற்றப்பட்ட இடம் இது. பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் இதனைக் கேள்வியின்றி ஏற்றமை வருந்தத்தக்கது.

1816 இல் அக்குடும்பத்தைச் சென்னைக்குக் கொண்டுசென்ற ‘கோர்ண்வாலிஸ்’ கப்பலிலும் கண்காணிப்பு ஓயவில்லை. உடன்சென்ற வில்லியம் கிரான்வில் என்ற சிவில் உத்தியோகத்தர் அரசனின் அன்றாட நடத்தையைக் குறித்துவைத்தார். அரசன் வேலூரில் 1832 இல் இறந்தான். எகலப்பொலையோ 1818 இல் பிரித்தானியராலேயே கைதுசெய்யப்பட்டு, 1825 இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கேயே மாண்டார்.