மனரம்மியம்

மனரம்மியம் என்பது, கையில் இருப்பது குறைந்தாலும் நிறைந்தாலும் உள்ளம் கலங்காமல், கடவுள் போதுமானவர் என்ற நம்பிக்கையில் நிலைத்திருக்கும் பண்பைக் குறிக்கத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் சொல்லாகும். ஹென்றி பவர் முன்னின்று திருத்தி 1871இல் முழுமையாக வெளிவந்த வேதாகமத்தில், பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இச்சொல் உள்ளது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் அதே கருத்து ‘போதுமென்கிற மனது’ என வருகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மனநிறைவு’ என்ற சொல்லை ஆள்கிறது.

இவை ஒரே பொருளைச் சுட்டினாலும் சாயல் வேறு. ரம்மியம் இன்று மலைச்சாரலையும் மாலைப்பொழுதையும் வருணிக்க உதவும் சொல்; அது மனத்துக்கு ஏற்றப்பட்டபோது, பல்லைக் கடித்துச் சகிப்பதன்று, உள்ளுக்குள் இனிமை காண்பதே இப்பண்பு என்பது விளங்கிவிடுகிறது. ‘போதும்’ என்பதோ பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்துச் சொல்லும் சொல். பரிமாறுகிறவர் இன்னும் வைக்க நிற்கையில் உண்பவர் தாமே வரம்பு காட்டுகிறார். போதுமென்ற மனத்தைப் பொன்செய்யும் மருந்தாகக் கொண்ட பழமொழி வழங்கும் நாட்டில் இத்தொடருக்கு உரை தேவைப்படவில்லை.

மூலமான கிரேக்கச் சொல் ‘அவுத்தார்கெயா’, தனக்குத் தானே போதுமாயிருத்தல் எனப் பொருள்படும். ஸ்தோயிக்கர் எனப்பட்ட தத்துவஞானிகள் புறப்பொருள் எதையும், எவரையும் சாராத தன்னிறைவை அதனால் குறித்தனர். பவுல் அதன் வேரையே மாற்றினார்: காவலில் இருந்தபடி, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி கூறும் பகுதியிலேயே அச்சொல்லை வைத்து, தம் பலம் கிறிஸ்துவிடமிருந்து வருவதாக எழுதினார். இதைத் தாம் கற்றுக்கொண்டதாக அவர் கூறுவதால், இது பிறவிக்குணமன்று, பயிற்சியால் வருவது.

வறுமையை விதியென்று ஏற்பதும் இதன் பொருளன்று. சம்பளம் போதுமென்றிருக்கும்படி யோவான் ஸ்நானகன் சொன்ன புத்தி (லூக்கா 3) போர்ச்சேவகருக்கு உரியது. ஒருவரையும் மிரட்டிப் பறிக்கலாகாது என்ற கட்டளையோடு சேர்ந்தே அது வருகிறது. ஆயுதம் ஏந்தியவனுக்குச் சொன்னதைக் கூலி மறுக்கப்பட்டவனுக்குச் சொல்வது வேதத்தைத் திரிப்பதாகும்.

தமிழ் வேதாகமத்துக்காக நெடுங்காலம் உழைத்த யோகான் பிலிப் பப்ரிசியுஸ் தம்மளவில் எளிய வாழ்வினர். எனினும் தம் பொறுப்பிலிருந்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்து, முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டு, 1791இல் சென்னையில் இறந்தார். தனக்கு வேண்டாமை வேறு, பிறர் பணத்தைக் காக்கும் விவேகம் வேறு என்பதை அவர் வாழ்வு வருத்தத்துடன் காட்டுகிறது. மனரம்மியத்தைக் கூட்டுவாழ்வாகவே ஆக்கியது, மருத்துவர்களான ச. ஜேசுதாசனும் ஏர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம். பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்ட இவ்விருவரும் மணம் செய்யாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தனர்.

இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த, சென்னையை அடுத்த நாவலூர், சிறுசேரிப் பகுதியில், வீட்டுக்கடன் தவணைக்கும் சம்பள உயர்வுக்கும் இடையே வாழும் குடும்பங்கள் நடுவேயும் மனரம்மியம் என்ற சொல் வழங்குகிறது.