பெண்மக்களின் பாகம்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலே பழைய விடுதலைப் பத்திரம் ஒன்றைக் கண்டேன். பாட்டனார் காலமானபின், என் அத்தையார் தமது பாகத்தைத் தமையன்மாருக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டிருந்தார். அத்தமையன்மாருள் என் தந்தையாரும் ஒருவர். 'சீர் செய்தாயிற்று, இனிப் பாகம் ஏது?' என்பதே அக்காலத்தார் எண்ணம்.

சட்டமோ படிப்படியாகவே மாறிற்று. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்திலே பாகம் தந்தது. ஆயினும் அது ஆயுட்கால உரிமையே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதனை முழு உரிமை ஆக்கிற்று. உயில் எழுதாது இறந்த தந்தையின் தனிச் சொத்திலே மகளுக்கும் மகனுக்கும் சம பாகம் வகுத்தது. அத்தையார் கையொப்பமிட்டது அதற்குச் சில ஆண்டுகள் பின்னரே! சட்டம் தந்ததை அறியாமலே கைவிட்டார்.

கூட்டுக் குடும்பச் சொத்திலே பிறப்புரிமை மட்டும் ஆண்மக்களிடமே நின்றது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்குமுன் மணமாகாத மகளிர் அதனைப் பெற்றனர். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான மகளிர்க்கும் வழங்கிற்று. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று.

உரிமை ஏட்டிலே இருந்தால் போதுமா? எடுத்துரைக்க வழக்கறிஞர் வேண்டாவா? 1987இல் இயற்றப்பெற்று, 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்டந்தோறும் அவ்வாணைக்குழு உண்டு. அத்தையாருக்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை. உங்கள் வீட்டிலே பத்திரம் எழுதும் நாளில், கையொப்பமிடுமுன் அதனை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.