குடோனில் ரேக் கால் வளைந்திருக்கா? 5 மில்லிமீட்டர் தாண்டினால் ஆபத்து!

ஓசூர்:

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் குடோன் வேலைக்குப் போகிறவர்களுக்கு 'ரேக்' தினமும் பார்க்கும் சங்கதி. தலைக்கு மேல் நாலைந்து அடுக்கு, அடுக்குக்கு அடுக்கு டன் கணக்கில் சரக்கு. ஆனால் அதைத் தாங்குவது சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மடித்துச் செய்த கால்கள்தான்.

முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்ன குடோன் வைத்திருப்பது கம்பெனிகளின் வழக்கம். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தது. ஜூஜூவாடி எல்லையில் வணிக வரி சோதனைச்சாவடியும் போனது. சின்னச்சின்ன குடோன்களை மூடி, ஒரே இடத்தில் பெரிதாகப் போடும் போக்கு நாடு முழுக்க வந்தது. இட வாடகையை மிச்சம் பிடிக்க, சரக்கு மேலே ஏறியது.

ஒரு காலுக்கு 4 டன்

நம்மூர் மாம்பழக்கூழையே எடுத்துக்கொள்வோம். ஒரு டிரம்மில் சுமார் 215 கிலோ கூழ். ஒரு பலகையில், அதாவது பேலட்டில், 4 டிரம். டிரம் எடை, பலகை எடையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். ஒரு பீமில் 2 பேலட், மொத்தம் 4 அடுக்கு என்றால் ஒரு கட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 8 டன். பக்கத்து கட்டத்தின் பாதி சுமையும் சேர்வதால், வரிசையின் நடுவில் நிற்கும் ஒவ்வொரு காலும் தாங்குவது சுமார் 4 டன்!

அந்தக் காலில்தான் ஃபோர்க்லிஃப்ட் வந்து இடிக்கிறது. 2 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 3 டன்னுக்கு மேல். "சும்மா லேசா தட்டுச்சுப்பா" என்று விட்டுவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. நேராக நிற்கும் கால் நாலு டன் தாங்கும். வளைந்த கால் அப்படித் தாங்காது. ஒரு கால் மடங்கினால் பக்கத்துக் காலையும் இழுத்துக்கொண்டு வரிசையே சரியும்.

2016 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில் ஒரு குடோனில் ரேக் சரிந்து, ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் சீஸ் குவியலுக்கு அடியில் மணிக்கணக்கில் சிக்கி, உயிரோடு மீட்கப்பட்டார். 2020 அக்டோபரில் பிரேசிலின் சாவோ லூயிஸ் நகரில், ஆட்கள் சாமான் வாங்கிக்கொண்டிருந்த கடையிலேயே ரேக்குகள் அடுத்தடுத்து சரிந்து பெண் ஊழியர் ஒருவர் பலியானார்.

எப்படி அளப்பது?

ஐரோப்பிய தர விதி ஒன்று இதற்கு எளிய வழி சொல்கிறது. வளைந்த இடத்தில் 1 மீட்டர் நீள நேர் பட்டையை காலோடு ஒட்டி வையுங்கள். பீம் போகும் திசையில் இடைவெளி 5 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. முன்னும் பின்னுமாக, அதாவது ரேக்கின் ஆழத் திசையில் என்றால் 3 மில்லிமீட்டர்தான். குறுக்குக் கம்பிக்கு 10. இதைத் தாண்டினால் மஞ்சள் நிலை: இருக்கும் சரக்கை எடுக்கலாம், புதிதாக ஏற்றக்கூடாது. இரண்டு மடங்கைத் தாண்டினால் சிவப்பு. உடனே சரக்கை இறக்கிவிட வேண்டும். வளைந்ததை சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

பீம் கொஞ்சம் தொய்வது வேறு விஷயம். 2.7 மீட்டர் பீம் முழுச் சுமையில் 13 மில்லிமீட்டர் வரை தொய்யலாம். சரக்கை இறக்கிய பிறகும் நிமிரவில்லை என்றால்தான் கோளாறு.

குட்டி பின், பெரிய வேலை

பெரும்பாலான ரேக்குகளில் பீம் போல்ட் போட்டு முடுக்கப்படுவதில்லை. காலில் உள்ள ஓட்டையில் கொக்கியாக மாட்டும். அது கழலாமல் பிடிப்பது விரல் அளவு லாக் பின். கீழே இருந்து ஃபோர்க் தெரியாமல் தூக்கிவிட்டால், பின் இல்லாத பீம் கழன்று சரக்கோடு விழும். வேலைக்கு ஏறியதும் பின் இருக்கிறதா, தரையில் நங்கூர போல்ட் இருக்கிறதா, வரிசை முனையில் எடை போர்டு தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்.

பழைய ரேக் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ஒரு கம்பெனி பீமை இன்னொரு கம்பெனி காலில் மாட்டுவது கூடாது. ஓட்டை பார்க்க ஒன்று போலவே இருக்கும். கொக்கி முழுசாக உட்காராது. பீமின் உயரத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதும் அப்படித்தான். கடைசி பீமுக்கும் தரைக்கும் இடைவெளி கூடக்கூட காலின் தாங்கும் சக்தி குறையும். எடை போர்டில் உள்ள கணக்கு பழைய உயரத்துக்கு உரியது. உயரத்தை மாற்றினால் ரேக் செய்த கம்பெனியிடம் கேட்டு புது போர்டு வாங்கி மாட்ட வேண்டும்.